பட்ஜெட்: பிறந்த வீடு திரும்பிய தோல்பை

பி.காம். சேர்ந்தபோது மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தேன். மொழி ஆர்வம் என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டாவது செமஸ்டர் இன்டர்னல் தேர்வில் பத்து ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் பிரெஞ்சில் எழுதச் சொன்னார்கள். ஏழாவது சொல் பட்ஜெட்.

ஒன்பது சொற்களை எழுதிவிட்டு அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அதே எழுத்துகளைத் திருப்பி எழுதினால் சிரிப்பார்களே என்று காலியாக விட்டுவிட்டேன். மறுநாள் மேடம் விடை சொன்னார். அதே எழுத்துகள்தான்! உச்சரிப்பு மட்டும் 'ப்யூட்ஜே'. ஒரு மார்க் போச்சு.

"பிரெஞ்சுக்காரங்க இங்கிலீஷிலிருந்து கடன் வாங்கிட்டாங்களா மேடம்?" என்று கேட்டேன். "ஆமா, ஆனா அந்தக் கடனே அவங்க கொடுத்த கடன்தான்" என்றார். அதோடு பெல் அடித்துவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படிக்கிறவர்கள் தினமும் நூறு தடவை சொல்லும் சொல் இது. அதற்குள் இவ்வளவு சண்டை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பை

இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலத்தில் ரோமானியர்கள் வருவதற்கு முன்பு கால் இன மக்கள் வாழ்ந்தார்கள். தோல்பைக்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. ரோமானியர்கள் அதை லத்தீனில் 'புல்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய பிரெஞ்சில் அது 'பூஜ்' ஆனது. சின்னப் பை என்றால் 'பூஜெத்'. நம் ஊர்ப் பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப்பையைத் தோலில் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வீங்கிப் புடைப்பதை ஆங்கிலத்தில் 'பல்ஜ்' என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பை நிறைந்தால் புடைக்கத்தானே செய்யும்.

1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் சில நூற்றாண்டுகளுக்கு அங்கே அரசவை, நீதிமன்றம், வரி வசூல் எல்லாவற்றிலும் பிரெஞ்சு வாடைதான். இங்கிலாந்து நிதியமைச்சரை இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்கள். எக்ஸ்செக்கர் என்பது சதுரங்கப் பலகையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, காய்களை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். நம் திண்ணையில் தாயக்கட்டம் வரைந்து விளையாடுவதுபோல் ராஜாங்கக் கணக்கு! 'ஃபிஸ்கல்' என்கிறோமே, அதன் மூலமான லத்தீன் 'ஃபிஸ்கஸ்' என்றால் கூடை. நிதித்துறைச் சொற்களைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே பை, கூடை, துணி என்று சந்தைச் சாமான்கள்தான் இருக்கின்றன.

பூஜெத் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் நுழைந்தது. நாக்கு புரளப் புரள 'பட்ஜெட்' ஆனது. அப்போது பணக்கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஊர் ஊராகப் பாத்திரம் அடைப்பவர்கள் தூக்கிச் செல்லும் பன்றித்தோல் பையின் பெயர் பட்ஜெட். 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் இருட்டில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் ரகசியச் சொல்லாகவும் வருகிறது. ஒருவர் 'மம்' என்பார், மற்றவர் 'பட்ஜெட்' என்பார். அந்தக் காலத்தில் 'மம்பட்ஜெட்' என்றால் வாயை மூடிக்கொண்டிரு என்று பொருள். கட்டிய பைபோல் வாயைக் கட்டு. இந்த மூடிய பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து, பையின் பெயர் பைக்குள் இருக்கும் பொருளுக்கும் ஆனது. கடிதக்கட்டு, செய்தித் தொகுப்பு, கதம்பம் எல்லாமே பட்ஜெட். 1872ல் வெளிவந்த 'எ பட்ஜெட் ஆஃப் பாரடாக்சஸ்' என்ற புத்தகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு நான் ஏதோ பொருளாதார நூல் என்று நினைத்தேன். வட்டத்தைச் சதுரமாக்குகிறேன் என்று கிளம்பியவர்களைப் போன்ற விசித்திரக் கொள்கைக்காரர்களைப் பற்றிய தொகுப்பு அது. எழுதியவர் அகஸ்டஸ் டி மார்கன். பிளஸ் டூ கணக்கில் நம் உயிரை வாங்கிய டி மார்கன் விதிகளுக்குச் சொந்தக்காரர். அவர் 1806ல் பிறந்தது நம் மதுரையில்! புத்தகம் அவர் இறந்த அடுத்த ஆண்டு வெளியானது.

பை திறந்த கதை

சரி, பை எப்படி அரசாங்கக் கணக்கானது?

1733. இங்கிலாந்தில் ராபர்ட் வால்போல் ஆட்சி. ஒயினுக்கும் புகையிலைக்கும் துறைமுகத்தில் வாங்கும் சுங்கத்துக்குப் பதிலாக, உள்நாட்டில் வாங்கும் ஆயத்தீர்வையாக மாற்ற ஒரு திட்டம் போட்டார். கடத்தலைத் தடுக்கலாம், வசூலும் கூடும் என்பது அவர் கணக்கு. ஆனால் தீர்வை அதிகாரிகள் கிடங்குக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்து சோதனை போடலாம் என்றதும் வியாபாரிகள் கொதித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் 'தி பட்ஜெட் ஓப்பன்ட்' என்று ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. பட்ஜெட் திறக்கப்பட்டது என்று அர்த்தம். சந்தையில் நின்று சர்வரோக நிவாரணி விற்கும் போலி வைத்தியன்போல வால்போல் தன் பையைத் திறக்கிறார் என்று நக்கல். நம் ஊர்த் திருவிழாவில் லேகியம் விற்பவர் பையை அவிழ்க்கும் காட்சியேதான்.

எதிர்ப்புத் தாங்காமல் வால்போல் திட்டத்தை வாபஸ் வாங்கினார். திட்டம் போய்விட்டது, கிண்டல் தங்கிவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை நாடாளுமன்றத்தில் வைப்பதையே 'பட்ஜெட்டைத் திறப்பது' என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கவனியுங்கள், பை வைத்திருப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. எல்லா ராஜாவிடமும் பை இருந்தது. நாடாளுமன்றத்தில் அதைத் திறந்து காட்டியாக வேண்டும் என்ற வழக்கம்தான் பெரிய விஷயம். இங்கிலாந்தின் அரசர்களும் சந்தோஷமாகத் திறந்துவிடவில்லை. வரிக்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்பதற்காக 17ஆம் நூற்றாண்டு முழுக்க அடிதடி. 1649ல் முதலாம் சார்லஸின் தலையே போனது. அவ்வளவு ரத்தத்துக்குப் பிறகு வந்த வழக்கத்துக்குத்தான் இந்தக் கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பிரான்ஸில் மூடிய பை

அதே காலத்தில் பிரான்ஸில் அரசன் கணக்கு அரசனுக்கும் அவன் அமைச்சர்களுக்கும் மட்டும். சொல்லப்போனால் அவர்களுக்கே முழுசாகத் தெரியாது. தனித்தனிக் கஜானாக்கள், வரியைக் குத்தகைக்கு எடுத்த பணக்காரர்கள், பதவிகளை விலைக்கு விற்ற கணக்குகள்... எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருவது பெரும்பாடு.

1777ல் அங்கே நிதிப் பொறுப்புக்கு வந்தார் ஜாக் நெக்கர். ஜெனீவாவில் பிறந்த வங்கியாளர். நமக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்து இங்கே வியாபாரம் செய்ததே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அதன் நிர்வாகிகளில் ஒருவராக இருந்தவர். 1769ல் அந்தக் கம்பெனியின் தனியுரிமை பறிபோனபோது அதற்காக வாதாடியவர்.

1781 பிப்ரவரியில் நெக்கர் யாரும் செய்யாத வேலையைச் செய்தார். அரசருக்கான கணக்கறிக்கையை அச்சடித்துப் பொதுமக்களுக்கு விற்பனைக்கே விட்டுவிட்டார்! பெயர் 'கோன்த் ரான்த்யூ ஓ ருவா', அதாவது அரசருக்கு ஒப்படைத்த கணக்கு. சனங்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். அரண்மனை யாருக்கு எவ்வளவு ஓய்வூதியம் கொடுக்கிறது, அரசர் வீட்டுச் செலவு என்ன என்றெல்லாம் அச்சில் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தில்லுமுல்லு இருந்தது. வரவு செலவைவிடச் சுமார் 1 கோடி லீவ்ர் அதிகம் என்று உபரி காட்டியிருந்தார். லீவ்ர் அன்றைய பிரெஞ்சு நாணயக் கணக்கு. உண்மையில் பிரான்ஸ் அப்போது அமெரிக்க விடுதலைப் போரில் கடன் வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. நெக்கர் அந்தப் போர்ச் செலவை 'அசாதாரணச் செலவு' என்று ஒதுக்கிவிட்டுச் சாதாரணக் கணக்கை மட்டும் காட்டினார். எந்தத் தலைப்பில் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எங்கள் அக்கவுன்டன்சி சார் அடிக்கடி சொல்வார். நெக்கர் நல்ல உதாரணம்.

பிரெஞ்சில் கணக்குக்கு 'கோன்த்'. கதைக்கும் 'கோன்த்'. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே. அறிக்கையின் அட்டை நீல நிறம். நீலக் கதை என்றால் அவர்கள் ஊரில் கட்டுக்கதை. விடுவார்களா? எதிரிகள் அதை நீலக் கோன்த் என்று ஓட்டித் தள்ளினார்கள். அந்த மே மாதமே நெக்கர் பதவியை விட்டுப் போனார்.

போனாலும் ஒரு தடவை திறந்த பை திறந்ததுதான். உபரி இருந்ததே, இப்போது ஏன் புது வரி என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த கலோன், 1786ல் அரசரிடம் பத்து கோடி லீவ்ருக்கு மேல் பற்றாக்குறை என்று சொன்னபோது பலரும் நம்பவில்லை. 1788ல் போட்ட கணக்கில் செலவில் ஏறக்குறையப் பாதி கடனுக்கும் வட்டிக்குமே போனது. வேறு வழியில்லாமல் 1789 மே 5 அன்று பல தலைமுறைகளாகக் கூடாத மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார்கள். திரும்பவும் பதவிக்கு வந்திருந்த நெக்கரை ஜூலை 11 அன்று அரசர் நீக்கினார். ரொட்டி விலையில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த பாரிஸ் பொங்கியது. ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறை விழுந்தது.

புரட்சிக்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சம், பிரபுக்களின் வரிவிலக்கு, புதிய சிந்தனைகள் என்று காரணங்கள் எத்தனையோ. ஆனால் 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தைப் பாருங்கள். பேச்சுரிமை, சொத்துரிமையோடு 14வது பிரிவு, வரி தேவைதானா என்று சரிபார்க்கவும், அதற்குச் சம்மதிக்கவும், அது எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கவும் குடிமக்களுக்கு உரிமை கொடுக்கிறது. 15வது பிரிவு அரசு ஊழியர் எவரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை. கணக்குக் கேட்பது மனித உரிமை! நான் எத்தனையோ ஆடிட்டிங் பாடம் படித்திருக்கிறேன், யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு ஆவணங்களில் 'பட்ஜெட்' என்ற சொல் வந்துவிட்டது. பூஜெத் என்ற பழைய சொல் அவர்களிடமே இருந்தும் அதை எடுக்கவில்லை. பூஜெத் என்றால் பை மட்டும்தானே. ஆண்டுதோறும் சபைமுன் திறந்து காட்டும் வழக்கத்தை இங்கிலாந்தில் பார்த்தார்கள், அதன் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் முந்நூறு வருஷம் கழித்துப் புகுந்த வீட்டு நடை உடையோடு பிறந்த வீடு வந்தால், வீட்டார் "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டுத்தானே உள்ளே விடுவார்கள்? அப்படித்தான் வந்தது.

ஒரு சொல், பல பிரெஞ்சு

தேர்வில் காலியாக விட்ட இடத்துக்குப் பிராயச்சித்தமாக முழுப் பட்டியலையும் இங்கே போடுகிறேன். ஜூனியர்களுக்கு உதவும்.

பை என்ற பழைய பொருளுக்குப் பிரெஞ்சு 'பூஜெத்', இது இப்போது பழைய நூல்களில்தான். தாள்கட்டு என்ற பொருளுக்கு 'லியாஸ்'. அரசின் வரவு செலவுக்கும் வீட்டு வரவு செலவுக்கும் 'ப்யூட்ஜே'. ஆனால் அரசின் பட்ஜெட்டுக்குச் சட்டமாக அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ல்வா த ஃபினான்ஸ்', நிதிச் சட்டம். பட்ஜெட் போடுவது என்ற வினைக்கு 'ப்யூட்ஜேத்திஸே'. பட்ஜெட் ஓட்டல், பட்ஜெட் போன் என்று நாம் சொல்லும் மலிவுப் பொருளுக்கு அந்தச் சொல்லே பொருந்தாது, 'பா ஷேர்' என்பார்கள். விலை அதிகமில்லை என்று அர்த்தம்.

தமிழில் நாம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். 2000ல் 'பட்ஜெட் பத்மநாபன்' என்று பிரபு நடித்த படமே வந்தது. பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவனுக்கு அது பட்டப்பெயர். சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை, பத்திரிகைகளில் வரவு செலவுத் திட்டம், இலங்கைத் தமிழில் பாதீடு என்றும் சொல்கிறார்கள். 'வரவு செலவு' எனக்குப் பிடித்த சொல். உள்ளே வந்தது, வெளியே போனது இரண்டையும் சொல்லிவிடுகிறது, ஒளிக்க இடமில்லை.

நம் ஊருக்கு வந்த பை

இந்தியாவுக்கு பட்ஜெட்டைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி வியாபாரி, 1843ல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1857 கலகத்தை அடக்கிய செலவில் அரசுக்குப் பெருங்கடன். அதைச் சமாளிக்க வில்சன் 1860ல் கல்கத்தாவில் முதல் பட்ஜெட்டை வைத்தார். வருமான வரியும் அதில்தான் பிறந்தது.

பை திறந்தது சரி, யார்முன்னால்? அந்தச் சபையில் ஓர் இந்தியர்கூடக் கிடையாது. வரி கட்டப்போகிறவர்கள் யாரும் உள்ளே இல்லை.

அப்போது எதிர்த்தவர் சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெலியன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். (அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனில் நிவாரணப் பொறுப்பில் இருந்து கெட்ட பெயர் வாங்கியவரும் இவரேதான். மனிதர்கள் ஒரே தலைப்பின் கீழ் வரமாட்டார்கள்.) எதிர்ப்பை ரகசியக் கோப்பில் எழுதியதோடு நிற்காமல் பத்திரிகையிலும் வரச் செய்துவிட்டார். உட்சண்டையை ஊருக்குச் சொன்ன குற்றத்துக்காக 1860லேயே பதவி பறிக்கப்பட்டு இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், டிரெவெலியன் 1863ல் அதே நிதிப் பொறுப்புக்கு இந்தியா திரும்பினார். 1865ல் வருமான வரி தற்காலிகமாகக் காலாவதியானது.

1892 சட்டம் வந்த பிறகுதான் சபை உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம் என்று ஆனது. பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது. அந்தப் பேச்சுரிமையை மட்டும் வைத்துக்கொண்டு 1902ல் கோகலே, ஏழை நாட்டில் அரசுக்கு உபரி வருவது பெருமையா என்று கேட்டுக் கிழித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வைத்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர நாட்டின் பிரதிநிதிகள்முன் பை திறக்க 87 வருஷம் ஆகியிருக்கிறது.

நம் அரசியல் சாசனத்தில் பட்ஜெட் என்ற சொல்லே இல்லை. 112வது பிரிவு 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் சொல்கிறது. ஆனால் பையின் ஞாபகம் மட்டும் போகவில்லை. திறக்கும்வரை ரகசியம். 1947 நவம்பரில் இங்கிலாந்து நிதியமைச்சர் ஹியூ டால்டன், சபைக்குள் நுழையும்போது ஒரு நிருபரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டார். பேச்சு முடிவதற்குள் பேப்பரில் வந்துவிட்டது. மறுநாள் பதவி விலகினார். இங்கே 1950ல் பட்ஜெட்டின் சில பகுதிகள் கசிந்ததால் அச்சடிக்கும் இடத்தையே மாற்றினார்கள். அச்சுவேலை தொடங்கும்போது டெல்லியில் அல்வா கிண்டிக் கொடுத்து ஊழியர்களை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அல்வா கொடுப்பது என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம் :-)

2019 ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன் (இவரும் மதுரையில் பிறந்தவர்தான்) தோல்பெட்டியை விட்டுவிட்டுச் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகம்போல் எடுத்துவந்தார். 2021 முதல் டேப்லெட். தோல் போய்விட்டது, தோல்பையின் பெயர் அப்படியே இருக்கிறது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நம் நாடாளுமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளை விவாதித்து ஓட்டெடுக்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டால் மீதியை எல்லாம் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விடுவார்கள். இதற்குப் பெயர் 'கில்லட்டின்'. ஆம், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய அதே இயந்திரத்தின் பெயர்! 2018லும் 2023லும் மக்களவையில் அமளிக்கு நடுவே எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் விவாதம் இன்றி இப்படி நிறைவேறின. எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தப்பு என்பது வேறு விவாதம். பை மேசைமேல் திறந்தே இருக்கிறது, குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை. பிரான்ஸிலோ இன்னமும் பட்ஜெட் ஆட்சியைக் கவிழ்க்கிறது. சமூகப் பாதுகாப்புக்கான நிதி மசோதாவால் 2024 டிசம்பர் 4 அன்று பார்னியே அரசு விழுந்தது. சுமார் 4,400 கோடி யூரோ சிக்கனத் திட்டத்தை வைத்து நம்பிக்கை ஓட்டுக் கேட்ட பாய்ரூ 2025 செப்டம்பர் 8 அன்று தோற்றார். தினம் தினம் இப்படி நடந்தால் நாடு தாங்காது, வாஸ்தவம்தான். ஆனால் அங்கே பைக்குள் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பை

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு பீரோமேல் இருக்கும் ரெக்சின் பை அடிக்கடி ஞாபகம் வந்தது. அப்பா ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதுகிறார். முதலாளியின் பேரேட்டில் ஒரு ரூபாய் இடிக்காது. ஆனால் அவருடைய சொந்தப் பையை நாங்கள் யாரும் தொடக் கூடாது. போன வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டிய மாதம் அம்மா கழுத்தில் செயினைக் காணோம். "பாலிஷ் போடக் குடுத்திருக்கு" என்றார் அப்பா. நாலு மாதமாகப் பாலிஷ் போட்டார்கள். அது கணக்கா கதையா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. கோன்த் என்ற சொல்லைப் பிறகுதான் படித்தேன்.

தீபாவளி லீவில் அப்பாவிடம் நெக்கர் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "நம்ம வீட்டுக்கும் ஒரு தடவை திறந்து காட்டுங்கப்பா" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிப் பையை எடுத்து வந்து அடுப்படித் தரையில் கொட்டினார். இரண்டு அடகு ரசீது, ஒரு சீட்டுக் கம்பெனி பாஸ்புக், என் ஃபீஸ் ரசீதுகள் வருஷ வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு. அம்மா ஒரு ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு, "வட்டி இவ்வளவா? எங்கிட்ட சொல்லியிருந்தா நகைக்கடன்ல மாத்தியிருக்கலாமே, நம்ம பேங்க்ல இதைவிடக் கம்மி" என்றாள்.

ஒரு நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு எழுதினோம். பற்றாக்குறைதான். பையைத் திறந்ததால் காசு கூடிவிடவில்லை. அடுத்த வாரம் அம்மாவே போய் வட்டிக்கடையிலிருந்து செயினைத் திருப்பி வங்கியில் வைத்தாள். நான் பிளஸ் ஒன் பையன்கள் இரண்டு பேருக்கு அக்கவுன்டன்சி ட்யூஷன் எடுக்கிறேன். அதையும் வரவில் எழுதியிருக்கிறோம். நோட்டு இப்போது அடுப்படி அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 1 அன்று டிவியில் பட்ஜெட் ஓடும்போது எதற்கு விலை ஏறும், எதற்கு இறங்கும் என்று மட்டும் பார்த்துவிட்டு சேனல் மாற்றுகிற ஆள்தான் நானும். இந்த முறை நம் கல்லூரிகளுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்ணையாவது தேடிப் பார்க்கப் போகிறேன். நீங்களும் பாருங்கள். ஒப்பிட்டுக்கொள்ளலாம்.